டீம் சாட் சாஃப்ட்வேர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்குறது எப்படி

ஜூலிப், மேட்டர்மோஸ்ட்னு ரெண்டு டீம் சாட் சாஃப்ட்வேர்ல எத எடுக்குறதுன்னு குழப்பமா இருந்தா முதல்ல ரெண்டோட கிட்ஹப் பக்கத்தையும் (அதோட கோட் இருக்குற தளம்) தொறங்க, ஆனா கமிட் (கோட்ல சேக்குற ஒவ்வொரு மாற்றம்) எண்ணிக்கைய மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க, அதுல பாட் தானா போடுற டிபென்டன்சி அப்டேட்டும் (உள்ள பயன்படுத்துற வெளி கோடோட புது வெர்ஷன்) சேந்துதான் வரும். ரிலீஸ் நோட்ஸ்தான், அதாவது ஒவ்வொரு வெர்ஷன்லயும் என்ன மாறுச்சுன்னு எழுதுற குறிப்புதான் முக்கியம். கடைசி ஒரு வருஷத்த உக்காந்து படிச்சு ஒவ்வொரு வரியும் புது வசதியா, பக் ஃபிக்ஸா, காசு குடுத்தாதான் கிடைக்குமான்னு பிரிச்சு எழுதுங்க. மேட்டர்மோஸ்ட் மாசாமாசம் ரிலீஸ் விடும், ஜூலிப் பெரிய ரிலீஸ் அவ்ளோ அடிக்கடி விடாது, அதனால அது ஸ்லோன்னு அர்த்தமே இல்ல.

அடுத்து யாரு கையில இருக்குன்னு பாருங்க, இத நெறய பேரு விட்டுடுறாங்க. ஜூலிப்ப 2014ல டிராப்பாக்ஸ் வாங்குச்சு, 2015ல ஓப்பன் சோர்ஸ் (கோட யார் வேணா எடுத்து மாத்திக்கலாம்) ஆச்சு, அதான் இன்னைக்கும் உயிரோட இருக்கு. ஸ்லாக்குன்னு இன்னொரு டீம் சாட் ஆப்ப சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனி 2021ல வாங்கி முடிச்சுது, அடுத்த வருஷமே ஃப்ரீ பிளான்ல 90 நாள் மெசேஜ்தான் பாக்கலாம்னு மாத்திட்டாங்க. இந்த மாதிரி மாற்றமெல்லாம் கமிட் கிராஃப்ல தெரியவே தெரியாது.

அப்புறம் உங்க டீமுக்கு ரொம்ப தேவையான ஒரு வசதிய எடுத்து, அதுக்கான இஷ்யூ (கிட்ஹப்ல பதியுற கோரிக்கை) எத்தன வருஷமா தொறந்தே கெடக்குன்னு ரெண்டு எடத்துலயும் தேடிப் பாருங்க.