ஸ்மார்ட் மீட்டர் மாட்ட வரும்போது வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை

ஸ்மார்ட் மீட்டரை ஏற்கலாமா, மறுக்கலாமா என்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பலர் கேட்கிறார்கள். என் கருத்து, மீட்டரை ஏற்றுக்கொள்ளலாம் என்பதுதான். ஆனால் அதை மாட்டும் நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடக் கூடாது. சரியான மீட்டர் வழியாக மட்டுமே மின்சாரம் வழங்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 55ஆம் பிரிவில் சொல்கிறது. எந்த வகை மீட்டர் என்பதை மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறைகள் தீர்மானிக்கின்றன. ஆகவே பழைய மீட்டரே போதும் என்று நெடுநாள் மறுத்துக்கொண்டிருக்க இடமில்லை. தமிழ்நாட்டில் இந்த மீட்டர்கள் பெரிய அளவில் முதலில் சென்னை தியாகராய நகரில் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுமைக்குமான ஒப்பந்தப்புள்ளி 2024 டிசம்பரில் ரத்து செய்யப்பட்டதால் மற்ற இடங்களில் வேலை தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தை நம் வீட்டு வயரிங்கைச் சரிபார்க்கக் கிடைத்த அவகாசமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் இந்த மீட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். யூனிட்டை அளக்கும் முறையில் இதற்கும் இப்போது சுவரில் இருக்கும் எலெக்ட்ரானிக் மீட்டருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கூடுதலாக இருப்பவை இரண்டு: அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பயன்பாட்டைப் பதிந்து செல்போன் சிக்னல் அல்லது ரேடியோ அலை வழியாக மின்வாரியக் கணினிக்கு அனுப்பும் கருவி ஒன்று, தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் மீண்டும் கொடுக்கவும் உதவும் ரிலே மற்றொன்று. கோதையாறு, கீரிப்பாறை போன்ற மலைப்பகுதிகளில் சிக்னல் கிடைக்காத நாட்களிலும் கணக்கு தொலைந்துபோகாது. மீட்டர் அதைத் தனக்குள் சேமித்து வைத்துக்கொண்டு இணைப்பு கிடைத்ததும் அனுப்பிவிடும். அலைகளால் உடலுக்குக் கேடு வருமோ என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அவ்வப்போது சில நொடிகள் மட்டும் தகவல் அனுப்பி, சுவரில் எட்ட நிற்கும் மீட்டரைவிட, காதோடு ஒட்டிப் பேசும் செல்போனின் அலையே நம் உடலை அதிகமாகத் தொடுகிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதனால் உண்மையான நன்மை உண்டு. வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்களின் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. ரீடிங் எடுக்க வருபவர் கேட்டைத் தாண்ட முடியாமல் போக, தோராயக் கணக்கில் பில் வருகிறது. இன்னொரு நன்மை பணத்தைத் தொடுவது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முழுக் கணக்கும் வேறு அட்டவணைக்கு மாறிவிடுகிறது. ரீடிங் எடுப்பவர் ஒரு வாரம் தாமதித்து வந்தாலும் 480இல் நிற்க வேண்டிய வீடு 500ஐக் கடந்துவிடலாம். குறித்த தேதியில் தானாகக் கணக்கெடுக்கும் மீட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

இனி, மாட்டும் நாளில் செய்ய வேண்டியவை. பழைய மீட்டரைக் கழற்றுமுன் அதன் கடைசி ரீடிங்கையும் வரிசை எண்ணையும், புதிய மீட்டரின் எண்ணையும் தொடக்க ரீடிங்கையும் தெளிவாகப் படம் பிடித்து, ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் வரும் தகராறுகளில் இந்தப் படங்கள்தான் உங்களுக்குத் துணை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் முனைகள் பச்சை பூத்திருக்கும். வயரின் நுனியைச் சுத்தம் செய்து திருகை நன்றாக முடுக்கச் சொல்லுங்கள். தளர்ந்த முனை சூடேறி, மீட்டர் பெட்டியே கருகுவது உண்டு.

அதைவிடக் கவனிக்க வேண்டியது நியூட்ரல் வயர், அதாவது பேஸ் வயர் வழியாக வீட்டுக்குள் வந்த மின்சாரம் திரும்பிப் போகும் வயர். நம் நாட்டு சிங்கிள் பேஸ் மீட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, எது அதிகமோ அதன்படி கணக்கிடும் வகையில் அமைக்கப்பட்டவை. மின்திருட்டைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. தக்கலைக்கு அருகே அண்ணன் மாடியிலும் தம்பி கீழேயும் வசிக்கும் ஒரு வீட்டை நான் பார்த்தேன். பாகம் பிரித்தபோது மீட்டரை இரண்டாக்கியவர்கள் நியூட்ரலைப் பிரிக்கவில்லை. மாடியில் மோட்டார் போட்டால், கீழ்வீட்டில் எல்லாம் அணைந்திருந்தும் அங்குள்ள மீட்டரின் சிவப்பு விளக்கு துடித்தது. இரு வீட்டுக்கும் பொதுவான இன்வெர்ட்டர் இருந்தாலும் இதே கதைதான். ‘புது மீட்டர் வேகமாக ஓடுகிறது’ என்ற புகார்களில் இதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். மீட்டர் மாறுவதற்கு முன்பே ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

மீட்டரின் துல்லியத்தை நீங்களே சோதிக்கலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சுவிட்சுகளையும் பிளக்குகளையும் அணைத்துவிட்டால் விளக்கு துடிக்கக் கூடாது. பிறகு 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை வாளித் தண்ணீரில் வைத்துப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 துடிப்பு வர வேண்டும். அயர்ன் பாக்ஸ் இதற்கு உதவாது, சூடேறியதும் அதுவே அணைந்து அணைந்து எரியும். திரையில் வோல்டேஜையும் பாருங்கள்: 230க்குப் பதில் 210 வந்தால் ராடின் திறன் குறைந்து, துடிப்பு 44 அளவில் நிற்பது இயல்பே. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

மீட்டரை ஏற்பது வேறு, முன்பணம் கட்டும் முறைக்கு மாறுவது வேறு. மத்திய அரசின் திட்டம் முன்பண மீட்டரை நோக்கியே வகுக்கப்பட்டது. அந்த முறை உங்கள் இணைப்புக்கு வருமானால், இருப்பு தீர்ந்தால் எத்தனை நாள் அவகாசம், விடுமுறை நாளிலும் இரவிலும் துண்டிப்பார்களா, இலவச யூனிட்டுகள் எப்படிக் கழிக்கப்படும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். முன்பணம் கட்ட இசைபவரிடம் காப்புத்தொகை கேட்க முடியாது என்று சட்டத்தின் 47(5) பிரிவு சொல்வதால், முன்பே கட்டிய காப்புத்தொகையைப் பற்றியும் கேட்க வேண்டும். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளில் செல்போன் ரீசார்ஜ் போல இதையும் நினைவில் வைக்க யார் இருக்கிறார்கள் என்பதை முடிவு செய்யாமல் மாறுவது ஆபத்து.

மீட்டர் பதியும் உச்சத் தேவையை, அதாவது ஒரே நேரத்தில் நீங்கள் எடுத்த அதிகபட்ச மின்பளுவைக் கண்டும் பயப்பட வேண்டாம். மீட்டர் மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு அதை வைத்து அபராதம் போடக் கூடாது என்றும், இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பளுவை ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் அந்தப் பளுவை உயர்த்தலாம் என்றும் மின்நுகர்வோர் உரிமை விதிகளின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

பில் உங்கள் பயன்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்றால் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதியலாம். புகார் கொடுத்த ஐந்து நாட்களுக்குள் சரிபார்ப்பு மீட்டர் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் விதி. அந்த மூன்று மாதமும் வாரம் ஒரு முறை இரண்டு மீட்டரின் ரீடிங்கையும் நீங்களும் குறித்து வாருங்கள். அப்படியும் தீராவிட்டால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதன் முடிவில் நிறைவில்லை என்றால் சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளருக்கும் அந்தக் குறிப்பேட்டின் நகலை இணைத்து மனு செய்யலாம்.