ஒரு பலகையைப் பிடித்தால் ‘போர்டு’ முழுக்கப் பிடிபடும்

இங்கிலீஷ் வராது என்று சொல்பவர்கூட எங்கள் தண்டையார்பேட்டையில் ஒரு நாளைக்குப் பத்து தடவை ‘போர்டு’ என்கிறார். கேரம் போர்டு, ஹவுசிங் போர்டு, பஸ் போர்டு, போர்டு எக்ஸாம். டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் இதையெல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. வேர் ஒன்றுதான்.

படி 1: பலகை
பழைய ஆங்கிலத்தில் போர்டு என்றால் மரப்பலகை. 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை காசிமா 3 தங்கம் வென்றாரே, அதுவும் பலகைமேல்தான். கரும்பலகை, பெயர்ப்பலகை எல்லாம் இந்த வகை.

படி 2: பலகைமேல் சாப்பாடு
பலகை சாப்பாட்டு மேசையானது, பிறகு சாப்பாட்டுக்கே அந்தப் பெயர் வந்தது. ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதியிருந்தால் முதலாவது சாப்பாடு, அடுத்தது தங்க இடம்.

படி 3: பலகையைச் சுற்றி ஆட்கள்
மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்களும் போர்டு, அதாவது வாரியம். 1970ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அது கட்டிய குடியிருப்பு நம் வாயில் இன்னும் ‘ஹவுசிங் போர்டு’தான். இந்தப் பொருள் நமக்கு அந்நியமே இல்லை. மதுரைச் சங்கப்பலகைக் கதையில் புலவருக்குச் சபையில் இடம் கொடுப்பதே ஒரு பலகைதானே! எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

படி 4: கப்பலில் ஏறுங்கள்
இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். கப்பலின் பக்கவாட்டுக்கும் போர்டு என்றே பெயர். அதனால் கப்பலில் இருப்பவர் ‘ஆன் போர்டு’. பின்னாளில் ரயிலும் விமானமும் சேர்ந்துகொண்டன. ஏறுவதும் போர்டுதான்: ‘ஐ போர்டட் த ட்ரெயின் அட் ராயபுரம்’. நாம் ‘ட்ரெயின்ல ஏறினேன்’ என்று பேசிப் பழகியதால் அந்த ‘ல’வுக்காக நடுவில் ஒரு ‘இன்’ போடத் தோன்றும். போடாதீர்கள்.

‘ஷி இஸ் ஆன் போர்டு’ என்றால் அவர் வண்டியில் ஏறிவிட்டார், அல்லது நம் திட்டத்துக்குச் சம்மதித்துவிட்டார். ‘ஷி இஸ் ஆன் த போர்டு’ என்றால் அவர் வாரிய உறுப்பினர். நடுவில் வரும் ‘த’ செய்யும் வேலை அது.

படி 5: வாயில் சரிபாருங்கள்
துறைமுகமும் ‘போர்ட்’, பலகையும் ‘போர்டு’. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘போ’, ஒரே ‘ட’. உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தைச் சொல்லும்போது ‘பம்பரம்’ என்பதன் முதல் ‘ப’ மாதிரி தொடங்கி, இன்னும் கொஞ்சம் காற்றை ஊதி, ‘பட்டு’வில் வரும் ‘ட்’டில் வெட்டென முடியுங்கள். பலகைக்கு ‘பம்பரம்’ நடுவில் வரும் ‘ப’. காற்று கையில் படக்கூடாது, கடைசி ஒலி ‘வண்டு’வில் வருகிற ‘டு’ மாதிரி தொண்டையில் அதிர வேண்டும்.

இப்போது சத்தமாக: ‘த ஷிப் லெஃப்ட் த போர்ட் வித் டென் மென் ஆன் போர்டு.’ முதலாவதில் உள்ளங்கை சில்லென்றால் சரியாகச் சொல்லிவிட்டீர்கள்.