செராமிக் கேப் பெயராமல் இருக்க: ஓபேக் பூசுவதற்கு முன்

மார்த்தாண்டத்தில் பல் லேபில் வேலை பார்க்கிறேன். இங்கே சொல்லும் கேப்பில் உள்ளே உலோகம், வெளியே செராமிக்; நடுவே உலோக நிறத்தை மறைக்கும் பூச்சுதான் ஓபேக். முதல் வருடம் நான் செய்த மூன்று பல் பிரிட்ஜ் (ஒன்றாகச் சேர்ந்த கேப்கள்) ஒன்று ஒரே மாதத்தில் திரும்பி வந்தது. முன்பக்கச் செராமிக் சிப்பி போலப் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த துண்டைத் திருப்பினால், பின்பக்கம் முழுக்கக் கரும்பச்சைப் படலம்.

உள்ளே வரும் உலோகத்தை உருக்கி வார்ப்பது வரை உங்களுக்குத் தெரியும். உலோகம் 0.3 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம், கூர்முனையும் வேண்டாம். தேய்க்கும் ஸ்டோனை ஒரே திசையில் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் உலோகம் மடிந்து தூசி சிக்கும். சுடும்போது அது குமிழியாகும். நிக்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம்.

அப்புறம் பிளாஸ்ட், அதாவது அலுமினா மணலைக் காற்றழுத்தத்தில் அடிப்பது. எனக்கு 110 மைக்ரான்தான் பிடிக்கும். அடித்த மணலைத் திரும்ப அள்ளிப் போடாதீர்கள். நீராவியில் கழுவிய பிறகு விரல் படவே கூடாது.

இனி ஆக்சிடேஷன், அதாவது உலோகத்தை உலையில் சூடாக்கி ஆக்சைடு வரவைப்பது. நான் வழுக்கிய இடம் இதுதான். செராமிக் பிணைவது உலோகத்தின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தோடு. தங்கக் கலவையில் அந்தப் படலம் வருவதற்காகவே கொஞ்சம் வெள்ளீயமும் இண்டியமும் சேர்க்கிறார்கள். நிக்கல்-குரோமியத்திலோ அது தானாகவே வரும். அளவோடு நிறுத்துவதுதான் பாடு. தடித்தால் படலமே பிளந்துவிடும். அன்று உலையில் கூடுதல் நேரம் விட்டு, அப்படியே ஓபேக் பூசிவிட்டேன். இப்போது உலோகத்தோடு வரும் தாளில் உள்ள வெப்பமும் நேரமும் மட்டுமே வைக்கிறேன். வெளியே எடுத்ததும் படலம் போகும் வரை மறுபடி பிளாஸ்ட். தேவையான அளவு ஓபேக் சுடும்போதே உண்டாகிவிடும்.

ஓபேக்கை முதலில் மெலிதாகவும், இரண்டாவது முறை உலோகம் மறையும்படியும் பூசுங்கள். மறைப்பது டைட்டானியம், சிர்க்கோனியம் ஆக்சைடுகள். நம் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் ரூட்டைலும் சிர்க்கானும் இவற்றின் தாதுக்கள்தான். பிரஷ் எடுக்கும்போது அது நினைவுக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்.

மலிவு என்று செராமிக் பவுடரை மாற்றாதீர்கள். ஆறும்போது உலோகம் செராமிக்கைவிடச் சற்றே கூடுதலாகச் சுருங்க வேண்டும். அப்போது செராமிக் இறுகி நிற்கும். அமுக்கினால் தாங்கும் பொருள் அது, இழுத்தால் விரிசல் விட்டுவிடும்.

பிறகு சேர்த்தது: தக்கலையில் ஒரு தம்பிக்கு ஓபேக்கில் குமிழி நிற்கவே இல்லை. விசாரித்தால், தண்ணீரில் குழைக்கும் பவுடர் ஓபேக்கிலிருந்து பேஸ்ட் ஓபேக்குக்கு மாறியவர் உலர்த்தும் நேரத்தை மாற்றவில்லை. பேஸ்ட்டில் உள்ள திரவம் தண்ணீரைவிட மெதுவாகத்தான் ஆவியாகும். சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்துக் காய்ந்த பிறகே உலையை மூடச் சொன்னேன். சரியாகிவிட்டது.