“வேலை செய்யுதில்லை” என்றால் போதாது: கணினிப் பிரச்சினைக்கு உதவி கேட்கும் முறை

கணினியோ ஒரு இணையத்தளமோ குழப்படி செய்யத் தொடங்கினால், நம் வீடுகளில் முதலில் நடப்பது ஒன்றுதான். கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவருக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தி போகும்: “தம்பி, அந்தத் தளம் வேலை செய்யுதில்லை, ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ.” அந்தத் தம்பி வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடி கேட்பார்: எந்தத் தளம்? என்ன வருது? போனிலயா, லப்டொப்பிலயா? இப்படிக் கேட்டுக் கேட்டே இரவாகிவிடும். இந்தக் கேள்விகளுக்கான விடைகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், பெரும்பாலானவை ஒரே பதிலில் தீரும். எப்படி என்று பார்ப்போம்.

படி 1: வந்த செய்தியை மூடாதீர்கள்

பிழைச் செய்தி வந்தவுடன் பலருடைய கை தானாகவே ‘ஓகே’யை அழுத்திவிடும். பிறகு “என்னவோ இங்கிலிசில வந்தது” என்பார்கள். துப்பே அந்தச் செய்திதான். அதை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை மங்கும். வேண்டிய பகுதியை இழுத்துத் தெரிவுசெய்யுங்கள். பிறகு வட்ஸ்அப் வெப்பிலோ மின்னஞ்சலிலோ கண்ட்ரோல், வி அழுத்தினால் படம் வந்து ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான அண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் ஒன்றாக அழுத்தினால் சரி. லப்டொப் திரையைப் போனால் சரிவாகப் படமெடுத்து, அதில் மின்விசிறியின் நிழலும் விழுந்து, எழுத்து எதுவும் தெரியாமல் அனுப்புவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

அனுப்பமுன் படத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கு இலக்கம் ஆபத்தானது என்று எல்லோருக்கும் தெரியும். அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க எண்ணிலும் இதே விபரம் உண்டு. அந்த எண் யாருடைய கையில் கிடைத்தாலும் உங்கள் பிறந்த திகதியும் சேர்ந்தே போகிறது. மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

படி 2: பிழை யார் பக்கம் என்று பாருங்கள்

இணையத்தளப் பிரச்சினை என்றால் மூன்று சின்னச் சோதனைகள். முதலில் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் இணைப்பில்தான் கோளாறு. அடுத்து, போனில் வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்துக்குப் போங்கள். அங்கே திறந்தால் வீட்டு ரவுட்டரையோ லப்டொப்பையோ சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, மறைநிலைச் சாளரம் (இன்கொக்னிட்டோ). குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என். அதில் பழைய குக்கிகள் (தளங்கள் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு தரவுகள்) இருக்காது. நீட்சிகளும் (உலாவியில் நாமே சேர்க்கும் துணைச் செயலிகள்) நீங்கள் அனுமதித்தாலன்றி இயங்காது. சாதாரணச் சாளரத்தில் மக்கராகி இங்கே சரியாக வந்தால், பழைய குக்கியோ ஏதோவொரு நீட்சியோதான் காரணம். அதற்காக எல்லாத் தரவையும் அழித்துவிடாதீர்கள், எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன அடையாளத்தை அழுத்தி, அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் அழித்தால் போதும்.

திரையில் மூன்று இலக்க எண் வந்தால் இன்னும் சுலபம். 404 என்றால் அந்த முகவரியில் பக்கம் இல்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். 403 என்றால் உள்ளே போக அனுமதி இல்லை. 500, 502, 503 போன்று ஐந்தில் தொடங்கினால் பிழை அவர்களுடைய சேர்வரில். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் இரவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே தளத்தை மொய்க்கும்போது வருவது இந்த வகைதான். அப்போது லப்டொப்பை ரீஸ்டார்ட் செய்வதால் எதுவும் ஆகாது. தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வந்தால், முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்புகளில் மதர்போர்ட்டில் இருக்கும் நாணய அளவு பற்றரி செத்துப்போனால் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். தளங்கள் உண்மையானவை என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ்கள் அந்தத் திகதியில் செல்லாது. விண்டோஸில் நமது நேர வலயம் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’, 5:30 என்று இருக்கும். திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அந்தத் தளத்தில் பாஸ்வேர்ட் போடவேண்டாம்.

படி 3: ஒருமுறை தேடுங்கள்

பிழைச் செய்தியின் முக்கிய வரியை அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். உங்கள் பெயர், கோப்பின் பெயர் போன்றவற்றை எடுத்துவிடுங்கள். பதில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். உலாவியின் மொழிபெயர்ப்பில் வாசித்தால் விஷயம் பிடிபடும். பத்து வருடத்துக்கு முந்தைய பதிலை நம்பி எதையும் மாற்றவேண்டாம்.

படி 4: கேள்வியை எழுதுங்கள்

என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, எந்தக் கருவி, எப்போதிலிருந்து. இவ்வளவும் இருக்கவேண்டும். வெள்ளவத்தை மாமி ஒருவர் இப்படி அனுப்பினார் என்று வையுங்கள்:

“தம்பி, பிள்ளையின்ர வகுப்பு விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழின்ர படத்தை ஏத்தப் பாக்கிறன். ஐபோனில எடுத்த படம். விண்டோஸ் 11 லப்டொப், குரோம். படத்தைத் தெரிவுசெய்த உடனே ‘இந்தக் கோப்பு வகை ஏற்கப்படாது’ எண்டு சிவப்பில வருது. வேற படம் போட்டாலும் அதே கதைதான். மகளின்ர அண்ட்ராய்டு போனில எடுத்த படம் முந்தி போனது. ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருக்கிறன். நாளைக்குப் பின்னேரம் கடைசி நேரம்.”

இதை வாசிக்கும் தம்பிக்கு விடை உடனே தெரிந்துவிடும். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை ஹெச்ஈஐசி என்ற வகையில் சேமிக்கின்றன. பல படிவங்கள் ஜேபிஜியை மட்டுமே ஏற்கும். படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி இறக்கினால் ஜேபிஜியாகிவிடும். தெளிவு கொஞ்சம் குறையும், சான்றிதழின் எழுத்து வாசிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் வராமலிருக்க, போனின் செட்டிங்ஸில் கெமரா, ஃபோர்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கொம்பற்றிபிள்’ஐத் தெரிவுசெய்யலாம்.

இதே மாமி “கோப்பின்ர பெயரை மாத்திறது எப்பிடி?” என்று மட்டும் கேட்டிருந்தால், பெயரை மாற்றும் வழியைத்தான் சொல்லியிருப்பார்கள். பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று எழுதுவதால் உள்ளே இருக்கும் படம் மாறாது. ஆகவே நீங்களாக யோசித்த வைத்தியத்தைப் பற்றிக் கேட்காமல், முதலில் செய்ய நினைத்த வேலையைச் சொல்லுங்கள்.

தமிழ்க் கோப்புகளில் மட்டும் வரும் ஒரு தொல்லையும் உண்டு. யாரோ அனுப்பிய கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கும். வைரஸ் என்று பயந்து அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான். வேர்ட்டில் அந்த வரியைத் தெரிவுசெய்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். அந்தப் பெயரையும் சொல்லிக் கோப்பையும் அனுப்பினால், எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றித் தருவது நிமிட வேலை.

படி 5: யாரிடம் போவது?

கணக்கு பூட்டப்பட்டது, பணம் கழிந்தும் பற்றுச்சீட்டு வரவில்லை போன்றவற்றுக்குத் தம்பியால் எதுவும் செய்ய முடியாது. அந்த நிறுவனத்தின் உதவி இலக்கத்தைத்தான் அழைக்கவேண்டும். அந்த இலக்கத்தைத் தேடல் முடிவின் விளம்பரத்திலிருந்து எடுக்காமல், வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்தோ கட்டணப் பட்டியலிலிருந்தோ எடுங்கள். அரச சேவை எந்த அலுவலகத்துக்கு உரியது என்று தெரியாவிட்டால் அரச தகவல் நிலையத்தின் 1919ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.

தூரத்திலிருந்து ஒருவர் உங்கள் திரையைப் பார்த்துச் சரிசெய்ய விண்டோஸில் ‘குயிக் அசிஸ்ட்’ இருக்கிறது, எனிடெஸ்க்கும் உண்டு. நீங்கள் அழைத்த, நீங்கள் அறிந்த ஆளுக்கு மட்டும் திறவுங்கள், வங்கித் தளங்களை மூடிவிட்டு. “உங்கள் கணினியில் வைரஸ்” என்று தானாக அழைப்பவருக்கு ஒருபோதும் வேண்டாம். தொலைபேசி இலக்கத்தோடு திரையை நிறைத்து வரும் எச்சரிக்கைகளும் மோசடியே. மைக்ரோசொஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் இருக்காது. ஓடிபியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், மருமகன் கேட்டாலும்தான்.

எதுவும் சரிவராவிட்டால் கடை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் ஒரே கட்டடத்தில் நிறையக் கணினிக் கடைகள் இருப்பதால் இரண்டு மூன்று இடத்தில் விசாரிக்கலாம். “ஃபோர்மட் அடிக்கவேணும்” என்று உடனே சொல்பவரிடம், பைல்கள் என்னாகும் என்று கேளுங்கள். கொடுக்கமுன் முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுங்கள். விண்டோஸ் 11 லப்டொப் என்றால் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி இருந்தால் குறித்துவையுங்கள். டிஸ்க் பூட்டிக்கொண்டால் அது இல்லாமல் கடைக்காரராலும் திறக்க முடியாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது, ஆகவே அதைத் திரும்பப் போட்டுத் தருவதாகச் சொன்னால் 11 ஏறுமா என்று கேளுங்கள். எடுக்கப் போகும்போது, பிரச்சினை கொடுத்த அதே வேலையைக் கடையிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.