பழைய அறிவியல், பயணப் புத்தகம் வாங்கப் போனால் முதலில் விலையைப் பாருங்கள்

பெங்களூரில் பழைய புத்தகம் என்றாலே சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போகச் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் வேண்டுமானால் அல்சூர் பக்கம் பழைய பேப்பர் கடைக்காரர் யாரிடமாவது சொல்லி வையுங்கள், யாராவது வீடு காலி செய்யும்போது மூட்டையாக வந்து இறங்கும். நான் கன்னடத்தில் “எஷ்டு?” (எவ்வளவு?) என்று கேட்டாலும் “நூறு ரூபா குடுங்க சார்” என்று தமிழில்தான் பதில் வருகிறது.

நான் சொல்லும் விலை அதுவல்ல, புத்தகத்தில் அச்சிட்ட விலை. அணாக் கணக்கில் இருந்தால் அநேகமாக 1957க்கு முந்தியது. ‘ந.பை.’ என்று இருந்தால், அதாவது நயா பைசா, 1957க்கும் 1964க்கும் நடுவில். முதல் நாலு பக்கம் கிழிந்துபோன புத்தகத்துக்கு இதுதான் ஜாதகம்.

அறிவியல் புத்தகம் என்றால் இன்னும் சுலபம். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று எழுதியிருக்கிறதா? 46தான் என்று 1956இல்தான் தெரிந்தது. வியாழனுக்கு 12 நிலா என்றால் 1974க்கு முந்தியது. வெள்ளியில் சதுப்புக் காடு இருக்கலாம் என்று ஆசை காட்டினால், 1962இல் மரினர் 2 விண்கலம் அங்கே போய் கொதிக்கிற சூட்டை அளந்து சொல்வதற்கு முன்பு எழுதியது. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எண்ணிக்கைதான் பழசு. கிரகணம் ஏன் வருகிறது, கப்பல் ஏன் மிதக்கிறது என்பதையெல்லாம் வக்கீலாக இருந்து அறிவியல் எழுதிய பெ.நா. அப்புஸ்வாமி மாதிரி ஆட்கள் பொறுமையாகச் சொன்னதுபோல இப்போது யார் சொல்கிறார்கள்? பௌதிகம் என்றால் இயற்பியல், ரசாயனம் என்றால் வேதியியல், பிராணவாயு என்றால் ஆக்சிஜன், இந்த மூன்று தெரிந்தால் பாதி தடை போயிற்று. பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் மாறிப்போனதைத் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள், பக்கத்தில் கிறுக்க வேண்டாம்.

பயணப் புத்தகத்தில் முதல் வேலை, கடைசி அட்டையைத் திறந்து மடித்து ஒட்டிய வரைபடம் இருக்கிறதா என்று பார்ப்பது. நான் பார்க்காமல் முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து பிரித்தால் பிளேடால் அறுத்த விளிம்பு மட்டும்தான் இருந்தது. காந்தி ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்த ஏ.கே. செட்டியார் எழுதியது எது கிடைத்தாலும் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

வாங்கியதை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஒன்று உள்ளே இருந்தாலும் மற்றதெல்லாம் போச்சு. பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள் (வீட்டில் திட்டு விழும், மீன் பக்கத்தில் வைக்காதீர்கள்). எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும்.