கைதானவருக்கு இலவச வக்கீல்: கேட்டு வாங்கும் முறை

வீட்டில் ஒருவரைப் போலீஸ் கைது செய்துவிட்டது, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் நேராக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெரும்பாலும் அது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு. போக முடியாதவர்கள் 15100க்குப் பேசலாம்.

காவலில் இருக்கிறார் என்பதே போதுமான தகுதி. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்து நாளை வீணாக்காதீர்கள்.

ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க உத்தரவு வாங்குவதற்காக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே, "எனக்கு வக்கீல் இல்லை, இலவச வக்கீல் வேண்டும்" என்று கைதானவர் கேட்கலாம். கேட்காவிட்டாலும் அந்த உரிமையை எடுத்துச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை. அதைச் சொல்லாமல் நடத்திய விசாரணையில் கிடைத்த தண்டனையையே 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அலுவலகத்துக்குப் போகும்போது காவல் நிலையத்தின் பெயர், கிரைம் நம்பர் (எஃப்.ஐ.ஆர். எண்), செக்‌ஷன்கள் (சட்டப் பிரிவுகள்), ரிமாண்ட் தேதி, எந்தக் கோர்ட், எந்தச் சிறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரைம் நம்பர் தெரியாமல் போனால் அதைத் தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும். ஒரே வழக்கில் கைதான இருவர் ஒருவர் மேல் ஒருவர் பழி சொல்லும் நிலை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இருவருக்கும் ஒரே வக்கீல் வாதாடக் கூடாது.

வக்காலத்தில், அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், சிறைவாசி கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, சிறை அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். ஏற்கெனவே தனியார் வக்கீல் வக்காலத்து போட்டிருந்தால் வேறு வக்கீல் வைக்க ஆட்சேபனையில்லை என்று அவரிடம் எழுதி வாங்கி வாருங்கள். இது இல்லாமல்தான் பல ஜாமீன் மனுக்கள் தாமதமாகின்றன.

அடுத்து நாள் கணக்கு. இதைக் குடும்பமே வைத்திருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் 90 நாளிலும், மற்றவற்றில் 60 நாளிலும் ஜாமீன் உரிமை பிறக்கும். போதைப்பொருள் போன்ற சில சிறப்புச் சட்டங்களில் கெடு நீளும். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும்: ஜூன் 1 ரிமாண்ட் என்றால் ஜூலை 30 அறுபதாவது நாள், 31 காலையிலேயே மனு போட வேண்டும். இந்த ஜாமீன் தானாக வராது. மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். ஆகவே 55ஆவது நாளிலேயே வக்கீலைப் பார்த்து நினைவூட்டுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தார் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் ஏராளம். இது பெரும் அநியாயம். ஆணை வந்து 7 நாளில் விடுதலை ஆகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தெரிவித்தாரா என்று நீங்களே செயலாளரிடம் கேளுங்கள்; நிபந்தனையைத் தளர்த்தவும் மனு போடச் சொல்லுங்கள்.

இலவச வக்கீலோ குமாஸ்தாவோ பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். செயலாளர் ஒரு நீதிபதி. அவரிடமே எழுத்தில் புகார் கொடுக்கலாம், வேறு வக்கீலும் கேட்கலாம்.