‘மேக்ரோகாஸ்மாஸ்’ வாசிக்க எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் க்ரம் (1929–2022) பெருக்கப்பட்ட ஒலியுடைய பியானோவுக்காக ‘மேக்ரோகாஸ்மாஸ்’ முதல் தொகுதியை 1972இலும் இரண்டாவதை 1973இலும் எழுதி முடித்தார். தொகுதிக்கு 12 உருப்படிகள், ராசிக்கு ஒன்று. கட்டைகளில் வாசிப்பதோடு கம்பிகளை மீட்டவும் தடவவும் வேண்டும். வாயால் முனகவும் விசிலடிக்கவும் வேண்டும். இதையெல்லாம் ‘விண்வெளிச் சத்தம்’ என்று பொதுவாக எடுத்துக்கொண்டு, கை போன இடத்தில் தடவுவதுதான் முதல் தவறு. எந்தச் சுரம், விரல் நுனியா நகமா என்பதுவரை இசைத்தாளில் இருக்கிறது.

அடுத்தது, வீட்டுப் பியானோவில் பழகிவிட்டு அரங்கத்துக்கு நேரே போவது. கம்பிகளுக்கு மேலே ஓடும் இரும்புச் சட்டத்தின் குறுக்குக் கம்பங்கள் எல்லாப் பியானோவிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வீட்டில் தடையில்லாமல் தடவிய கம்பிகளுக்கு நடுவே அங்கே ஒரு கம்பம் நிற்கும். ஆகவே அரங்கத்துப் பியானோவில் குறைந்தது ஓர் ஒத்திகையாவது தேவை. பியானோவைப் பராமரிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். நிமிர்ந்த வகைப் பியானோவில் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் இந்த இசையை வாசிப்பது நடக்கவே நடக்காது.

கம்பியை நேராகத் தொட்டு எழுப்பும் மேல்சுரமான ஹார்மானிக்கில் சறுக்குபவர்கள் அதிகம். கம்பியின் சரிபாதியைத் தொட்டுக் கட்டையை அடித்தால் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் அந்த மேல் ஸ்தாயியின் பஞ்சமம். விரல் சற்றே விலகினாலும் மொட்டைச் சத்தம்தான் மிஞ்சும். கண்ணால் குத்துமதிப்பாகத் தேட வேண்டாம்; முன்பே அளந்து, எளிதில் உரியும் சிறு ஒட்டுத்தாளை இரும்புச் சட்டத்தில் ஒட்டி அடையாளம் வையுங்கள். கம்பியிலேயே பசையோ மையோ படக் கூடாது.

முதல் தொகுதியின் முதல் உருப்படியில் அடிஸ்தாயிக் கம்பிகளின்மேல் ஓர் உலோகச் சங்கிலி வருகிறது. கனத்த சங்கிலியை எடுத்தால் அது கம்பியை அமுக்கி அதிர்வைக் கொன்றுவிடும். இலேசானதுதான் கம்பியோடு சேர்ந்து துள்ளிக் கிணுகிணுக்கும். வலது பெடலை மிதித்து, கம்பியின் அதிர்வை அடக்கும் கட்டைகளான டாம்பர்கள் மேலேறிய பிறகே சங்கிலியை இறக்குங்கள், அதுவும் டாம்பர்களைத் தாண்டி அப்பால். உயரத்திலிருந்து போட்டால் கம்பியைச் சுற்றியுள்ள செம்பில் கீறல் விழும். டாம்பரில் சிக்கிய சங்கிலியை வெடுக்கென்று இழுத்தால் டாம்பர் கோணிப்போகும். பிறகு அந்தச் சுரம் அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

அழுத்திப் பிடித்த சுரங்களை மட்டும் ஒலிக்கவிடும் நடுப் பெடலிலும் வரிசை முக்கியம். ஓசையில்லாமல் கட்டைகளை அழுத்தி, அதன்பின் நடுப் பெடல், அதன்பின் வலது பெடல். வலது பெடல் ஏற்கெனவே கீழே இருந்தால் எல்லா டாம்பர்களும் மாட்டிக்கொண்டு, தேர்ந்தெடுத்த சில சுரங்களுக்குப் பதில் மொத்தப் பியானோவும் முழங்கும்.

மைக் விஷயத்தில் க்ரம் கேட்பது அடிஸ்தாயிக் கம்பிகளுக்கு மேலே தொங்கும் சாதாரண மைக். கிசுகிசுப்பும் கம்பி உரசலும் கடைசி வரிசைக்குப் போக வேண்டும், உரத்த இடமும் பிளறக் கூடாது. ஒத்திகையில் இந்த இரண்டையும் வாசித்துப் பார்த்து அளவை முடிவுசெய்யுங்கள். கச்சேரி நடுவே ஒலிக்காரர் கூட்டிக் குறைத்தால், வாசிப்பவர் விரலால் கட்டியெழுப்பிய ஏற்ற இறக்கம் குலைந்துபோகும்.

ஒவ்வொரு தொகுதியிலும் 4, 8, 12ஆவது உருப்படிகள் படமாகவே எழுதப்பட்டவை. முதல் தொகுதியில் சிலுவை, வட்டம், கடைசியில் சுருள் விண்மீன் மண்டலம். மேடையில் தாளைச் சுற்றிச் சுற்றிப் படிக்க முடியாது. நேர்வரிசையில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்துவிடுவதே வழி. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்காமலே பழகாதீர்கள். வட்டத்தில் எழுதியது முடிவில்லாமல் சுழல வேண்டும் என்பது அதைப் பார்த்தால்தான் உறைக்கும்.

ராசி பற்றி நம்மவர்களுக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. முதல் தொகுதியின் ஐந்தாவது உருப்படி விருச்சிகம். அந்த ராசிக்காரராக அதில் குறிக்கப்பட்டிருப்பவை க்ரமின் சொந்தப் பெயரின் முதலெழுத்துகள். அவர் பிறந்தது அக்டோபர் 24. அது ஐப்பசி ஆயிற்றே, சூரியன் துலாமில் அல்லவா என்று நம் பஞ்சாங்கம் பார்ப்பவர் கேட்பார். மேற்கத்தியக் கணக்கு வேறு; அதன்படி அவர் விருச்சிகம்தான். நிகழ்ச்சிக் குறிப்பு எழுதும்போது இதைத் திருத்திவிட வேண்டாம்.

விரல் வியர்வை கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு உட்காருங்கள்; முடிந்ததும் தொட்ட கம்பிகளை உலர்ந்த மென்துணியால் நீளவாக்கில் துடைத்து, ஒட்டுத்தாள்களை எண்ணி எடுத்துவிடுங்கள்.